ஃபோர்ட் ஃபன்ஸ்டனில் நாயை அவிழ்த்துவிடும் முன்

சான் பிரான்சிஸ்கோவின் தென்மேற்கு மூலையில், பசிபிக் கடலுக்கு மேலே சுமார் 60 மீட்டர் உயர மணற்குன்று இது. ஸ்கைலைன் பூல்வர்டிலிருந்து திரும்பினால் வாகன நிறுத்தம். அங்கேயே அவிழ்த்துவிடாதீர்கள், கார்களைத் தாண்டிப் பாதைக்கு வரும்வரை வார் கையில் இருக்கட்டும்.

குன்றின் விளிம்புதான் பெரிய ஆபத்து. கெட்டிப் பாறை போலத் தெரிவது பொலபொலவென்று உதிரும் மணல். பறவையைத் துரத்தும் நாய்க்கு அது தெரியாது. கூப்பிட்டதும் திரும்பாத நாயை வாரிலேயே வைத்திருங்கள். தவறி விழுந்தால் பின்னாலேயே இறங்காமல் அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள்.

கடற்கரைக்கு இறங்கும் மணற்பாதையில் ஏறி வருவதுதான் மூச்சு வாங்கும். அலையின் இழுவை கடுமை, தண்ணீரும் சில்லென்றிருக்கும். பந்தைக் கடலுக்குள் எறிய வேண்டாம். தாகத்தில் உப்புநீர் குடித்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், ஆகவே ஒரு லிட்டர் நல்ல தண்ணீரும் கிண்ணமும் எடுத்துப்போங்கள்.

காய்ந்த புல்லின் முள்விதைகள் நாயின் உடலில் குத்தினால் முன்னோக்கி மட்டுமே நகரும், தானாக வெளியே வராது. வீடு திரும்புமுன் விரலிடுக்கு, காது, மூக்கைப் பாருங்கள்.

காட்சிக்கு செப்டம்பர், அக்டோபர் நல்லது. கோடையில் பெரும்பாலும் மூடுபனிதான்!