தட்டைத் தட்டிப் பார்த்து நிம்மதியாகாதீர்கள்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். ஊருக்கு இன்னும் பால்வாடி டீச்சர்தான். பிறந்த பிள்ளை நாக்கில் சேனை வைக்காதே, 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்பதையெல்லாம் நர்சம்மா முதல் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் வரை சொல்லிவிட்டார்கள். அதை விடுங்கள்.

அப்பனும் லேட்டாத்தான் பேசுனான்

போன மாதம் ஒரு இளம்தாய் இரண்டு வயது ஆகப்போகும் பையனோடு வந்தாள். பேச்சு வரவில்லை. "காது நல்லாத்தான் கேக்குது டீச்சர், பாருங்க" என்று அவன் முதுகுக்குப் பின்னால் சில்வர் தட்டில் கரண்டியால் ஒரு அடி. பையன் திரும்பினான். கூட வந்த மாமியார், "இவன் அப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே மாதிரி ஒரு பெண்குழந்தைக்குத் தட்டைத் தட்டிப் பார்த்து, "கேக்குதும்மா, போ" என்று அனுப்பியவள்தான். நாலு வயது தாண்டித்தான் டெஸ்ட் எடுத்தார்கள். இன்று பேசுகிறாள். ஆனால் புதியவர்களுக்குப் பாதிதான் புரியும்.

தட்டு ஏன் ஏமாற்றுகிறது? காது சுத்தமாகவே கேட்காத பிள்ளைகூட அதிர்வு தரையில் பரவுவதை உணரும், நிழல் ஆடுவதைப் பார்க்கும். பாதி கேட்கிற பிள்ளைக்குத் தட்டு கேட்கும், 'ச', 'ப' கேட்காது. பேச்சுக்கு வேண்டியது அதுதானே! கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ங்கா' சொல்லும். அதை வைத்தும் முடிவு கட்டக்கூடாது.

காது டெஸ்ட் பிறந்த குழந்தைக்கே எடுக்கலாம். தூங்கும்போது காதில் ஒரு சின்னக் குமிழை வைத்துச் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள், ஓ.ஏ.இ. என்பார்கள். சந்தேகம் வந்தால், சத்தம் காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று தலையில் வயர் ஒட்டிப் பார்ப்பார்கள், அது பெரா டெஸ்ட். வலி கிடையாது. முதல் மாதத்துக்குள் டெஸ்ட், 3 மாதத்துக்குள் உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் காது கேட்கும் கருவி: கணக்கு இதுதான். ஒரு வயதில் ஒரு சொல்கூட வரவில்லை என்றால், இரண்டு வயதில் "அம்மா வா" என்று இரண்டு சொல் சேரவில்லை என்றால், மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுங்கள். மாமனையோ அத்தை மகனையோ கட்டியவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம், பிறவிக் காது கோளாறு சொந்தத்தில் முடித்த வீடுகளில் கூடுதல். முதலமைச்சர் காப்பீட்டில், உள்காதில் கருவி வைக்கிற காக்ளியர் ஆபரேஷன் இருக்கிறது, ஆனால் 6 வயதுக்குள். சீக்கிரம் வைத்தால்தான் பேச்சு தெளிவாக வரும். அதற்குப் பிறகும் பேச்சுப் பயிற்சி மாதக்கணக்கில் போகும்.

அந்தப் பையன் விஷயம்? "குலசாமி கோயில்ல மொட்ட போட்டு காது குத்திட்டு அப்புறம் போறோம்" என்றார் மாமியார். காது குத்த நாள் குறித்தாயிற்று, காதைக் காட்ட நாள் இல்லை. மறுநாள் காலையில் நானே அவர்களைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன்.

எடை போட்டால் கண் படும்

படாது.

சத்துமாவு

பிள்ளைக்குக் கொடுத்தது. மாட்டுக்குக் கரைக்காதீர்கள்.

அம்மா வீடும் ஊசியும்

6, 10, 14 வாரம் என்று ஊசிகள் வரும். மூன்றாம் மாதம் பிள்ளையைப் புருஷன் வீட்டுக்கு அழைத்துவருகிற அந்த அலைச்சலில்தான் 14வது வார ஊசி விட்டுப்போகிறது. அங்கே போட்டிருப்பார்கள் என்று இங்கேயும், இங்கே போடுவார்கள் என்று அங்கேயும் நினைத்துக்கொள்வது. எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் புதன்கிழமை போட்டுக்கொள்ளலாம். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண்ணும் தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும். அட்டை பீரோவில், சாவி மாமியாரிடம், மாமியார் நூறுநாள் வேலையில் என்று எனக்குப் பதில் சொன்னவர்கள் உண்டு.