ஆல்ஃபா 0.70 தாண்டியதும் நிறுத்திவிடாதீர்கள்: உளவியல் அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளவியல் ஆய்வேடுகளில் மிகப் பரவலான தவறு, வினாநிரலை உருவாக்கியவர் தந்த நம்பகத்தன்மை எண்ணை அப்படியே எடுத்தெழுதுவது. நம்பகத்தன்மை, அதாவது அளவீடு எவ்வளவு பிழையின்றி நிலையாக இருக்கிறது என்பது, அந்த வினாநிரலில் ஒரு குறிப்பிட்ட குழு பெற்ற மதிப்பெண்களைச் சேர்ந்தது. குழுவில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் பெற்றிருந்தால் அதே வினாநிரலின் ஆல்ஃபா (கூற்றுகளின் விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதிலிருந்து கணக்கிடும் நம்பகத்தன்மை எண்; 0.70 தாண்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்) இறங்கிவிடும். ஆகவே உங்கள் தரவில் புதிதாகக் கணக்கிடுங்கள். வினாநிரலில் உட்பிரிவுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாக.

கணக்கிடும் முன் எதிர்மறைக் கூற்றுகளைத் திருப்ப வேண்டும். ரோசன்பெர்க் தன்மதிப்பு அளவுகோலின் 10 கூற்றுகளில் 5 எதிர்மறையானவை. விடைகள் 1 முதல் 4 வரை என்றால், அந்த ஐந்தின் விடையையும் 5-இலிருந்து கழியுங்கள். இதை மறந்தால் ஆல்ஃபா சரியும், எதிர்க்குறியோடுகூட வரும். பிறகு ஒவ்வொரு கூற்றுக்கும் மற்றவற்றின் கூட்டுத்தொகைக்கும் உள்ள ஒட்டுறவை (இரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்து கூடிக் குறைகின்றன என்பதை) பாருங்கள். அது எதிர்க்குறியில் இருந்தால், கூற்றைத் திருப்பவில்லை அல்லது மொழிபெயர்ப்பில் பொருள் புரண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஆல்ஃபா உயர்ந்தால் எல்லாக் கூற்றுகளும் ஒரே பண்பை அளக்கின்றன என்று முடிவுகட்டுவது இன்னும் ஆபத்தானது. கூற்றுகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.15 என்று வைத்துக்கொள்வோம். 10 கூற்றுகளுக்கு ஆல்ஃபா 0.64, 20-க்கு 0.78, 40-க்கு 0.88. உறவு அதே பலவீனத்தில்தான் இருக்கிறது. நீளம் மட்டுமே கூடியது. ஒரே பண்பா என்பதை, எந்தக் கூற்றுகள் ஒன்றாகத் திரள்கின்றன என்று காட்டும் காரணிப் பகுப்பாய்வில்தான் பார்க்க வேண்டும். 0.95-ஐத் தாண்டினாலும் மகிழ வேண்டாம்: ஒரே கேள்வியைச் சொல் மாற்றித் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கலாம்.

நடத்தையை இருவர் பார்த்துக் குறிக்கும் ஆய்வுகளில் சதவீத உடன்பாட்டை மட்டும் தருவது பெரிய ஏமாற்று. 100 காணொளிகளில் இருவரும் தலா 5-இல் வன்முறை இருப்பதாகக் குறித்து, அந்த ஐந்தில் ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை என்றாலும் உடன்பாடு 90% வரும்! தற்செயல் உடன்பாட்டைக் கழிக்கும் கோஹென் கப்பா என்ற எண் இங்கே -0.05. அதாவது, பயனுள்ள உடன்பாடு எதுவுமே இல்லை.

அதே ஆட்களிடம் அதே வினாநிரலை மீண்டும் கொடுத்துப் பார்க்கும் மறுசோதனையில் இடைவெளியைப் பண்புக்கேற்பத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நாளில் முந்தைய விடை நினைவிலிருக்கும்; ஆறு மாதத்தில் ஆளே மாறியிருக்கலாம். அன்றன்றைய மனநிலையை அளக்கும் கருவிக்கு மறுசோதனை எண் குறைவது இயல்பே.

தனியொருவரைப் பற்றி முடிவெடுப்பதாக இருந்தால் அளவீட்டுத் திட்டப் பிழையையும் (ஒருவரின் மதிப்பெண் அவருடைய உண்மை மதிப்பெண்ணிலிருந்து வழக்கமாக விலகும் அளவையும்) எழுதுங்கள். திட்ட விலக்கம் (குழுவின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவியிருக்கும் அளவு) 10, நம்பகத்தன்மை 0.84 என்றால் பிழை 4. 95% எல்லை ஏறத்தாழ ±8. வெட்டுப்புள்ளி 50 என்றிருக்கும்போது 47 பெற்றவரையும் 53 பெற்றவரையும் இந்த ஒரு சோதனையை வைத்துப் பிரிக்க முடியாது.