குமரி மாவட்டத்திலிருந்து குரல் கலைஞராக விரும்புவோருக்கான பயிற்சி முறை

செல்பேசியில் ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து, இந்த வாக்கியத்தை ஒரே ஒரு முறை வாசித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்: "காற்றின் வேகம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வரை இருக்கக்கூடும் என்பதால், நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள மீனவர்கள் மறு அறிவிப்பு வரும்வரை கடலுக்குச் செல்ல வேண்டாம்." பிறகு பதிவைப் போட்டு, கடைசிச் சொல்லை மட்டும் கவனித்துக் கேளுங்கள். புதிதாகப் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் "கடலுக்குச் செல்ல" என்பது வரை தெளிவாக வாசித்துவிட்டு, மூச்சு தீர்ந்துபோன நிலையில் "வேண்டாம்" என்பதைத் தொண்டைக்குள்ளேயே விழுங்கிவிடுகிறார்கள். தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. செய் என்பதும் செய்யாதே என்பதும் அந்த இடத்தில்தான் முடிவாகின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசிய இந்தக் கரையில், அந்த ஒரு சொல்லின் எடையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க வாக்கியத்தைப் பின்னாலிருந்து கட்டிப் பழக வேண்டும். முதலில் "செல்ல வேண்டாம்" என்பதை மட்டும் ஐந்து முறை சொல்லுங்கள். அடுத்து "கடலுக்குச் செல்ல வேண்டாம்", அதன்பின் "மறு அறிவிப்பு வரும்வரை கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று முன்பக்கமாக ஒவ்வொரு தொடராகச் சேர்த்துக்கொண்டே போங்கள். எந்த நீளத்திலும் கடைசிச் சொல்லின் வலு குறையக் கூடாது. மூச்சுக்கான இடங்களையும் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். "என்பதால்" என்ற இடத்தில் முழு மூச்சு எடுக்கலாம், "மீனவர்கள்" என்பதற்குப் பின் அரை மூச்சு போதும். ஆனால் "வரையுள்ள" என்பதற்குப் பின் நிறுத்தக் கூடாது. அந்தப் பெயரெச்சம் தனக்குரிய பெயரை எதிர்பார்த்து நிற்கிறது, அங்கே நிறுத்தினால் கேட்பவரும் பாதி வழியில் நின்றுவிடுகிறார். காற்புள்ளி உள்ள இடமெல்லாம் மூச்சுக்குரிய இடம் என்று நினைப்பதும், காற்புள்ளி இல்லாத இடத்தில் மூச்சே கூடாது என்று நினைப்பதும் தவறு. இலக்கணம் எங்கே இணைக்கிறதோ அங்கே குரலும் இணைய வேண்டும்.

மூச்சுப் பயிற்சியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. அதைச் செய்யத்தான் வேண்டும். பாயில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் கனமான புத்தகம் ஒன்றை வைத்து, மார்பு அசையாமல் புத்தகம் மட்டும் உயர்ந்து இறங்கும்படி பத்து நிமிடம் மூச்சு விடுங்கள். பிறகு எழுந்து உட்கார்ந்து, "ஸ்" என்ற ஒலியைச் சீராக வெளியிட்டு, எத்தனை விநாடி நிற்கிறது என்று பாருங்கள். 15 விநாடியில் தொடங்குகிறவர்கள் விடாமல் பழகினால் 30 விநாடியை எட்டலாம். வாசிப்பதற்கு முன் அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரைக் குடியுங்கள். தொண்டையைச் செருமித் தெளிவாக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள், அது குரல் நாண்களை ஒன்றோடொன்று மோதவிடும் செயல்.

எழுத்துகளின் ஒலிப்புக்கு வலி, வளி, வழி என்ற பள்ளிக்கூடப் பட்டியலைவிட நல்ல பாடநூல் நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்தில் கிடைக்கிறது. பேருந்துகளின் பெயர்ப்பலகைகளை வாய்விட்டு வாசியுங்கள். ஆரல்வாய்மொழி என்ற ஒரே சொல்லில் ர, ல், ழ ஆகிய மூன்றும் வருகின்றன. குழித்துறையில் ழகரமும் றகரமும், திருவட்டாற்றில் இடையின ரகரமும் வல்லின றகரமும், அழகியபாண்டியபுரத்தில் ழ, ண், ர என்று மூன்றும், தோவாளையிலும் விளவங்கோட்டிலும் ளகரமும் உள்ளன. இவற்றை முதலில் மெதுவாகவும் பின்னர் நடத்துநர் கூவும் வேகத்திலும் சொல்லிப் பதிவு செய்து, எந்த வேகத்தில் ழகரம் ளகரமாக வழுக்குகிறது என்று கண்டுபிடியுங்கள். அதுவே உங்களுடைய இப்போதைய எல்லை. அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே உள்ள வேகத்தில்தான் பயிற்சி நடக்க வேண்டும்.

றகரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காற்று, நேற்று, வெற்றி போன்ற சொற்களில் வரும் இரட்டித்த றகரத்தை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பலர் நாவின் நுனியை மேல்பல்லின் பின்னுள்ள ஈறில் அழுத்தி, அதிர்வே இல்லாமல், மலையாளத்தில் வருவதைப் போல ஒலிக்கிறார்கள். இது பிழையன்று, தமிழின் பழைய ஒலிப்பு இதுவே என்பது மொழியியலாளர்களின் கருத்து. ஆனால் செய்தி வாசிப்பிலும் பொது விளம்பரங்களிலும் ரகர அதிர்வு கலந்த ஒலிப்பே எதிர்பார்க்கப்படுகிறது என்பதால், இரண்டையும் வேண்டும்போது மாற்றி ஒலிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இந்த ஊர்ப் பேச்சுச் சிக்கல்தான். குரல் பயிற்சிக்கு வரும் நம் பிள்ளைகள் முதலில் செய்ய நினைப்பது, தங்கள் ஊர்ப் பேச்சை அழிப்பது. ஓர்மை, சாடு, பைய, கொள்ளாம் என்று வீட்டில் இயல்பாகப் பேசுகிறவர்கள் அவற்றை வெட்கத்தோடு மறைத்து, தொலைக்காட்சித் தொகுப்பாளரின் தமிழைக் கடன் வாங்குகிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டும் கெடுகின்றன. உங்கள் வீட்டுத் தமிழ் உங்கள் உடைமை. அதனோடு பொதுத்தமிழ் ஒன்றையும் சேர்த்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே வரப்புக் கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். குமரியைக் களமாகக் கொண்ட படத்துக்கோ நாடகத்துக்கோ ஆள் தேடுகிறவர்களுக்கு, "மக்கா" என்ற சொல்லை ஒட்டிவைத்த சென்னைத் தமிழ் உதவாது. வட்டாரம் சொல்லில் இருப்பதைவிட இராகத்தில்தான், அதாவது பேச்சின் ஏற்ற இறக்கத்தில்தான், அதிகம் இருக்கிறது. தோவாளைப் பக்கத்து நாஞ்சில் நாட்டுப் பேச்சும், விளவங்கோட்டுப் பேச்சும், கடற்கரை ஊர்களின் பேச்சும் ஒன்றல்ல. இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பிரித்தறியும் காது உங்களுக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது. பயிற்சியாக, வீட்டில் பெரியவர் ஒருவரை அவர் அனுமதியுடன் பேசவிட்டு இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். அதே செய்தியை முதலில் அவர் இராகத்திலேயே சொல்லிப் பாருங்கள். பின்னர் அதையே வானொலித் தமிழில் சொல்லுங்கள். இரண்டாவது பதிவில் முதலாவதன் இராகம் ஒழுகி வரும் இடங்களைக் குறித்துக்கொண்டால், மறுநாள் பயிற்சிக்குரிய பாடம் கையில் இருக்கும்.

கோயில் கொடை நடக்கும் ஊரில் வில்லுப்பாட்டு இருந்தால் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து கேளுங்கள். தலைமைப் பாடகர் பாட்டிலிருந்து வசனத்துக்கு இறங்கும் இடத்தையும், கூட்டம் சலசலக்கும்போது குரலை உயர்த்தாமல் தாழ்த்திக் கவனத்தை இழுக்கும் இடத்தையும், பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" போடும் நேரத்தில் அவர் மூச்சைச் சேர்த்துக்கொள்வதையும் கவனியுங்கள். கதை சொல்லும் குரலுக்கு இதைவிட நல்ல பள்ளி இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒலிப்பதிவுக்கு விலையுயர்ந்த மைக்கைவிட அமைதியான அறையே முதன்மையானது. துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதை நோக்கி வாசித்தால் எதிரொலி பெருமளவு அடங்கும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, மைக்கைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால், பகரத்தை ஒலிக்கும்போது காற்று மைக்கில் மோதி வெடிப்பதும் குறையும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழைகளும் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு ஆடி மாதம் தகரக் கூரைக்குக் கீழ் ஒலிநூல் ஒன்றின் மூன்று அத்தியாயங்களைப் பதிவு செய்தேன். சாரல் விழும் ஓசை காதுக்குள் செருகும் என் சிறிய இயர்போனில் கேட்கவே இல்லை. மூன்றும் திரும்பி வந்தன, மூன்றையும் முதலிலிருந்து வாசித்தேன். அன்றிலிருந்து, வாசிக்கத் தொடங்கும் முன் வெறும் அறையை 10 விநாடி பதிவு செய்து, காதுகளை முழுவதும் மூடும் ஹெட்போனில் கேட்காமல் நான் தொடங்குவதில்லை. ஈரக்காற்று மைக்கைக் கெடுக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைத்திருங்கள்.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே தொடக்கத்துக்குப் போதும். உச்ச ஒலி −6 டெசிபலைத் தாண்டாமல், 24 பிட் தரத்தில், வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். செப்பனிட்டு முடித்த ஒலிநூல்களுக்காக அமேசானின் ஏசிஎக்ஸ் தளம் வகுத்துள்ள அளவுகளை வீட்டுத் தேர்வாக வைத்துக்கொள்ளலாம்: சராசரி ஒலி −23 முதல் −18 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், உச்சம் −3 டெசிபலைத் தாண்டக் கூடாது, அறையின் இரைச்சல் −60 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது.

வேலை தேடும்போது முதலில் அருகில் தேடுங்கள். 1984இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாகத் தொடங்கப்பட்ட நாகர்கோவில் வானொலி, 101 மெகாஹெர்ட்ஸில் இன்றும் ஒலிக்கிறது. தற்காலிக அறிவிப்பாளர்களை எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் வைத்துத் தெரிவு செய்வது வானொலியின் வழக்கம். அறிவிப்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருங்கள். ஜவுளிக்கடை விளம்பரம், ஆட்டோ அறிவிப்பு, திருவிழா அழைப்பு எதையும் சிறியது என்று தள்ளாதீர்கள். தேதியும் இடமும் தெளிவாகப் போய்ச் சேர வேண்டிய அந்த வேலைகள்தான் கடைசிச் சொல்லை விழுங்காமலிருக்கப் பழக்குகின்றன. மாதிரிப் பதிவு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் 10 விநாடியில் பின்னணி இசை எதுவும் இல்லாமல் உங்கள் இயல்பான குரல் வரட்டும், அதன்பின் ஒரு விளம்பரம், ஒரு செய்தி, ஒரு கதைப் பகுதி என்று வைத்து, கடைசியில் உங்கள் ஊர்த் தமிழில் நான்கு வரி பேசி அனுப்புங்கள்.