விரல்மீட்டலுக்கு ஏற்ற யுகுலேலே

கிட்டாரைப் போன்ற நான்கு தந்திச் சிறு கருவியான யுகுலேலேயில், சோப்ரானோ என்ற சிறிய வகையில் பழகிவிட்டு, விரல்களால் தந்திகளைத் தனித்தனியே மீட்டி வாசிப்பதற்காக அடுத்த கருவியைத் தேடுவோர், மரத்தின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டையின்) அகலத்தை அளந்து பார்க்க வேண்டும். 35 மில்லிமீட்டருக்குள் நெருங்கிக் கிடக்கும் தந்திகள் 38 மில்லிமீட்டரில் விலகி நிற்பதால், இடக்கை விரல் பக்கத்துத் தந்தியில் பட்டு ஒலியை அடைப்பது வெகுவாகக் குறையும். இந்த 3 மில்லிமீட்டருக்காகக் கூடுதலாகச் செலவழிப்பதில் தவறே இல்லை. தந்தி நீளம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் உள்ள டெனர் என்ற பெரிய வகையே என் தேர்வு. சிறிய கைகளுக்கு 38 சென்டிமீட்டர் தந்தி நீளமுள்ள, கான்சர்ட் என்ற நடுத்தர வகை போதும்.

சித்திரை வெயில் காய்ச்சி எடுத்தபின் ஆனியில் குற்றாலச் சாரல் காற்று வீசும் நம் திருநெல்வேலிச் சீமையில், முழுப்பலகைக் கருவி ஈரப்பத மாற்றத்தால் வெடிக்கக்கூடும் என்பதால், விலையும் குறைவான ஒட்டுப்பலகை உடலே பாதுகாப்பானது. புதிய கருவிக்குப் பணம் சேரும்வரை, இருப்பதற்கே ஃபுளூரோகார்பன் என்ற செயற்கை இழைத் தந்திகளை மாட்டிப் பாருங்கள், ஒலி தெளிவடையும்.