டொராண்டோவிலிருந்து சென்னை: பறப்பது 17 மணி, போய்ச் சேர்வது வேறு கணக்கு

கனடா வந்து இறங்கிய முதல் வாரமே ஊரிலிருந்து போனில் கேட்பார்கள்: "பிளைட்டு எத்தனை மணி நேரம்பா?" பட்டென்று பதில் சொல்ல வராது.

டொராண்டோவுக்கும் சென்னைக்கும் நேர்த்தூரம் சுமார் 13,400 கிலோமீட்டர். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். நூல் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி மேலே ஏறித்தான் இறங்கும். ஆனால் இதை எழுதும்போது நேரடி விமானம் இல்லை. துபாய் வழி என்றால் ஏறக்குறைய 13 மணி நேரம், அங்கிருந்து இன்னொரு 4. லண்டன் வழி என்றால் 7, அப்புறம் 10. எப்படிப் போனாலும் பறப்பது 17 மணி நேரத்தை ஒட்டித்தான். இடையில் உட்காரும் நேரத்தையும் சேர்த்தால் 20 முதல் 24. இந்தப் பக்கம் வரும்போது மேல்வானத்துக் காற்று எதிரே அடிக்கும், அதனால் ஒன்றிரண்டு மணி கூடும்.

அமெரிக்கா வழியாக மலிவாக டிக்கெட் கிடைத்தால் உடனே வாங்கிவிடாதீர்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அங்கே விமானம் மாறுவதற்குக்கூட விசா வேண்டும்.

குழப்பமெல்லாம் தேதியில்தான். குளிர்காலத்தில் சென்னை நம்மைவிட பத்தரை மணி நேரம் முன்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை ஒன்பதரை. ஜனவரியில் வெள்ளி இரவு 10 மணிக்கு இங்கே ஏறினால், 22 மணி நேரப் பயணம் முடிந்து சென்னையில் இறங்கும்போது ஞாயிறு காலை 6:30. சனிக்கிழமையை ஆகாயத்திலேயே விட்டுவிட்டீர்கள். பத்து நாள் லீவு போடுகிறவர்கள் இதைக் கழித்துவிட்டுக் கல்யாணத் தேதியைப் பாருங்கள்.

சென்னையிலிருந்து வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகுதான் கிளம்பும். டிக்கெட்டில் 'ஞாயிறு 03:30' என்று இருந்தால் சனி இரவே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் அப்பா ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டு, பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டு கால் டாக்சிக்குக் காத்திருந்தார். விமானம் அன்று விடியுமுன்பே போயிருந்தது. அன்றிலிருந்து யாருக்கு டிக்கெட் போட்டாலும் "சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும்" என்றுதான் வாட்ஸாப்பில் எழுதி அனுப்புகிறேன். தேதியைச் சொல்வதே இல்லை.

பெற்றோர் வருகிறார்கள் என்றால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். நடக்க முடிந்தவர்களுக்கும்தான், விமானம் மாறும் இடத்தில் கூட ஓர் ஆள் வருவார், வழி தேட வேண்டாம். அதிகாலை கிளம்பியவர்கள் அதே நாள் பிற்பகல் டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் இறங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் படுக்கவிடாதீர்கள், எட்டு மணி வரையாவது பேச்சுக் கொடுங்கள். அப்படியும் முதல் சில நாள் விடிகாலை மூன்று மணிக்கு அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். பயப்படாதீர்கள், அம்மா டிகாக்‌ஷன் இறக்குகிறார்.