மட்கும் பாலிமரில் லித்தியம் எலக்ட்ரோலைட் ஃபிலிம்: முதல்முறை செய்பவர்களுக்கு

லித்தியம் பேட்டரியில் மின்வாய்களுக்கு இடையே அயனிகளைக் கடத்தும் திரவம், அதாவது எலக்ட்ரோலைட், எளிதில் தீப்பிடிக்கும். அதற்குப் பதிலாக, உப்பு கரைந்த பாலிமர் ஃபிலிம் ஒன்றை மின்வாய்களுக்கு நடுவே வைக்கலாம். இங்கே நாம் எடுப்பது பாலிகாப்ரோலாக்டோன், சுருக்கமாக பிசிஎல். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இதைச் சிதைத்துத் தின்னும். உடம்பில் கரையும் தையல் நூல்கள் சிலவற்றிலும் காப்ரோலாக்டோன் உண்டு. இதன் எஸ்டர் ஆக்சிஜன் லித்தியம் அயனியை அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை. அதனால் அயனி நகர முடிகிறது.

முதலில் கணக்கு. பிசிஎல் 1 கிராம், லித்தியம் டிஎஃப்எஸ்ஐ உப்பு 0.25 கிராம். பிசிஎல் சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் ஓர் அலகின் எடை 114, உப்பின் மூலக்கூறு எடை 287. வகுத்துப் பாருங்கள்: பத்து அலகுக்கு ஒரு லித்தியம் வரும். தொடங்குவதற்கு இது நல்ல விகிதம்.

அடுத்து உலர்த்தல். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள். உப்பை வேக்குவம் அவனில் 120 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள். பிசிஎல் 60 டிகிரியில் உருகிவிடும், அதற்கு 40 டிகிரி போதும். இந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை அப்படியே உறிஞ்சும். ஒரு மழைநாளில் தட்டை மூடாமல் வெளியே வைத்துவிட்டேன். ஃபிலிம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது, கடத்துதிறனோ வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தேன். மறுபடி உலர்த்தி அளந்ததும் எண் விழுந்துவிட்டது. நான் அளந்தது தண்ணீரின் உபயத்தை! அந்தத் தண்ணீர் லித்தியம் உலோகத்தோடு சேர்ந்தால் செல்லே கெட்டுவிடும். க்ளவ் பாக்ஸ் (ஈரமில்லாத வாயு நிரப்பி, கையுறை பொருத்திய மூடிய பெட்டி) இருந்தால் இனி எல்லா வேலையும் அதற்குள்ளேயே நடக்கட்டும்.

கரைத்து ஊற்றுதல். 15 மி.லி. உலர் டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃப்யூரான்) கரைப்பானில் பிசிஎல்லைப் போட்டு மேக்னட்டிக் ஸ்டிரரில் சுழல விடுங்கள். தெளிந்ததும் உப்பைச் சேர்த்து இன்னும் சில மணி நேரம். டிஎச்எஃப் ஆவி எளிதில் தீப்பற்றும். க்ளவ் பாக்ஸுக்கு வெளியே செய்தால் ஃபியூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) கட்டாயம். பழைய புட்டியில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேர்ந்திருக்கலாம், எனவே புதிதாகத் திறந்ததையே எடுங்கள். பிறகு 9 செ.மீ. டெஃப்லான் தட்டில் ஊற்றி, சிறு துளைகளிட்ட மூடியால் மூடுங்கள். வேகமாகக் காய்ந்தால் குமிழி விழும். காய்ந்த பின் வேக்குவத்தில் 40 டிகிரியில் ஒரு நாளாவது. சுமார் 160 மைக்ரான் தடிமனில், பால்வெள்ளையாக ஒரு ஃபிலிம் உரிந்து வரும். அந்த வெண்மை பிசிஎல்லின் படிகங்களால் வருவது.

அளத்தல். ஐந்து இடத்தில் தடிமன் பாருங்கள். 16 மி.மீ. விட்டமுள்ள இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்து இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு ஃபிலிம் காட்டும் எதிர்ப்பு) எடுங்கள். வரைபடத்தில் அரைவட்டம் முடிந்து கோடு மேலே ஏறத் தொடங்கும் இடம்தான் மின்தடை. கடத்துதிறன் = தடிமன் ÷ (மின்தடை × பரப்பு). உதாரணத்துக்கு 0.016 செ.மீ., 800 ஓம், 2 சதுர செ.மீ. என்றால் சென்டிமீட்டருக்கு 10⁻⁵ சீமன்ஸ். சூடாக்கியும் அளக்கப் போகிறீர்களா? 60 டிகிரிக்கு அருகே ஃபிலிம் இளகி ஓரமாக வழியும், தகடுகள் முட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு டெஃப்லான் வளையம் வைத்தால் தடிமன் மாறாது.

கடைசியாக மண் சோதனை. உப்பு சேர்த்த ஃபிலிமைப் புதைக்காதீர்கள். மட்குவது பாலிமர் மட்டும்தான். டிஎஃப்எஸ்ஐயில் ஃப்ளோரின் இருக்கிறது, அது லேசில் சிதையாது. ‘மட்கும் எலக்ட்ரோலைட்’ என்று மொத்தமாகப் பெயர் வைக்க எனக்கு மனம் வராததற்கு அதுதான் காரணம். உப்பில்லாத பிசிஎல் ஃபிலிமைத் தனியே வார்த்து, எடை குறித்துக்கொண்டு, ஈரமான கம்போஸ்ட் மண்ணில் புதையுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து, கழுவி, உலர்த்தி, எடை போட்டுக் குறித்து வாருங்கள்.