சூப்பர் க்ளூ நிக்கணும்னா ஒரு சொட்டு போதும், ஏன்னு சொல்றேன்

சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினது ரெண்டு நாள்ல விட்டுடுச்சுன்னு நிறைய பேர் சொல்றாங்க. முக்கால்வாசி நேரம் காரணம் ஒண்ணுதான், அளவுக்கு மேல ஊத்திடறாங்க. நிறைய போட்டா நல்லா ஒட்டும்னு தோணும், இதுல அப்படியே உல்டா. இத கண்டுபிடிச்ச கதை தெரிஞ்சா அது ஏன்னு ஈஸியா புரிஞ்சிடும்.

1942, ரெண்டாம் உலகப்போர் டைம். அமெரிக்காவுல ஈஸ்ட்மேன் கோடாக் கம்பெனில ஹாரி கூவர்னு ஒரு கெமிஸ்ட், அவரோட டீம் துப்பாக்கில குறி பாக்கற சைட்டுக்கு தெளிவான பிளாஸ்டிக் தேடிட்டு இருந்தாங்க. சயனோஅக்ரிலேட்னு ஒரு வகை கெமிக்கல எடுத்தாங்க, அது தொட்ட எடத்துலலாம் ஒட்டிக்கிச்சு, வேலைக்கு ஆகாதுன்னு ஓரங்கட்டிட்டாங்க. 1951ல அமெரிக்காவோட டென்னசி மாநிலத்துல ஜெட் விமானத்துல பைலட் உக்காற எடத்து மேல வர்ற மூடிக்கு சூடு தாங்கற பிளாஸ்டிக் வேணும்னு திரும்பவும் அதே கெமிக்கல் கிட்ட வந்து நின்னாங்க. ஃப்ரெட் ஜாய்னர்னு கூட வேலை பாத்தவர், ஒளி அதுல எவ்ளோ வளையுதுன்னு அளக்க ரிஃப்ராக்டோமீட்டர்ங்கற கருவியோட ரெண்டு ப்ரிஸத்துக்கு, அதாவது கண்ணாடிக் கட்டிக்கு நடுவுல லேசா தடவினாரு, அளந்து முடிச்சு பிரிக்கப் பாத்தா ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு வரவே இல்ல. கூவருக்கு அப்பதான் பொறி தட்டுச்சு. சூடு பண்ணல, போட்டு அழுத்தல, தானா ஒட்டுதுன்னா இது பசைதானே! 1958ல ஈஸ்ட்மேன் 910ங்கற பேர்ல விற்பனைக்கு வந்துச்சு. அடுத்த வருஷமே ஒரு டிவி ஷோல, ஒரே ஒரு சொட்டு போட்டு ஒட்டினத வெச்சு ஷோ நடத்தறவரையே தரைலேருந்து தூக்கிக் காட்டினாரு கூவர். ஒரு சொட்டு, ஒரு முழு ஆள்.

அந்த ப்ரிஸத்த கொஞ்சம் கவனிங்க. ரெண்டு பக்கமும் சுத்தமா, சமமா இருந்துச்சு, நடுவுல மெல்லிசா ஒரு படலம் மட்டும்தான். நீங்க எத ஒட்டினாலும் இந்த நிலைமைதான் வேணும். ஏன்னா இந்த பசை மத்தது மாதிரி காயறதில்ல. பொருள் மேல கண்ணுக்குத் தெரியாம ஒட்டிட்டு இருக்கற ஈரம் பட்டதும் அதோட மூலக்கூறுகள் சங்கிலி சங்கிலியா சேந்து கெட்டியாயிடுது. மெல்லிசா இருந்தா அந்த ஈரம் முழுசுக்கும் போதும். தடியா ஊத்தினா ஓரம் மட்டும் இறுகி உள்ள தண்ணியாவே நிக்கும், அதான் விட்டுடுது.

அதனால மொதல்ல ரெண்டு பக்கத்தையும் தொடச்சு எண்ணெய்ப் பசை எடுங்க, ரொம்ப வழவழன்னு இருந்தா உப்புத்தாள்ல லேசா தேய்ங்க, பழைய க்ளூ இருந்தா சுரண்டிடுங்க. பசை போடாம ஒரு தடவ பொருத்திப் பாருங்க, போட்டப்புறம் நகத்த டைம் கிடையாது. ஒரே பக்கத்துல ஒரு சொட்டு, சேத்து அசையாம அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. வறண்ட எடமா இருந்தா க்ளூ போடாத பக்கத்துல வாயால ஒரு தடவ ஆவி விடுங்க, அந்த ஈரம் போதும். புடிச்சிக்கிச்சேன்னு உடனே இழுத்துப் பாக்காதீங்க, முழு பலம் வர ஒரு நாள் விடணும்.

எல்லாத்துலயும் இது நிக்காது. பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் மாதிரி பிளாஸ்டிக்லயும், நான்-ஸ்டிக் பாத்திரத்துல பூசற டெஃப்லான்லயும் ஒட்டாது, க்ளூ பாட்டிலே பாலித்தீன்ல வரதுக்கு அதான் காரணம். நேரா இழுத்தா தாங்கும், ஆனா தட்டினாலோ ஓரத்துலேருந்து உரிச்சாலோ போயிடும். ரொம்ப சூடாகற பொருள், எப்பவும் தண்ணில கிடக்கற பொருளுக்கு வேற பசை பாருங்க. சந்து பெருசா இருந்தா கொஞ்சம் பேக்கிங் சோடா தூவி மேல க்ளூ விடலாம், உடனே கல்லு மாதிரி ஆயிடும், ஆனா சூடாகும், விரல வெக்காதீங்க.

இத கண்டிப்பா ஞாபகம் வெச்சுக்கோங்க: பஞ்சு, காட்டன் துணி, கம்பளி மேல கொட்டினா வேகமா ரியாக்ட் ஆகி புகை வர்ற அளவுக்கு சூடாகும், தோல் வெந்துடும். காட்டன் கிளவுஸ் போட்டுட்டு இத தொடவே கூடாது.

விரல் ஒட்டிக்கிட்டா பிச்சு இழுக்காதீங்க, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணில ஊறவெச்சு மெதுவா உருட்டி உருட்டி பிரிங்க, அசிட்டோன் இருக்கற நெயில் பாலிஷ் ரிமூவரும் கரைக்கும். கண்ணுல பட்டா அசிட்டோன் பக்கமே போகாதீங்க, இமைய இழுக்காதீங்க, தண்ணி விட்டு கழுவிட்டு நேரா டாக்டர்கிட்ட போங்க. வியட்நாம் போர்ல ரத்தம் நிறுத்த இந்த வகை பசைய ஸ்ப்ரே பண்ணாங்கங்கறது உண்மைதான், ஆனா இப்ப ஆஸ்பத்திரில காயத்துக்குப் போடறது தனியா தயாரிக்கற வேற ரகம், கடைல வாங்கின ட்யூப காயத்துல வெக்காதீங்க.

பிரிக்காத ட்யூப ஃப்ரிட்ஜ்ல வெக்கலாம், வெளிய எடுத்ததும் திறக்காம அறை சூட்டுக்கு வர வரைக்கும் விடுங்க, இல்லன்னா குளிர்ந்த ட்யூப் மூக்குல ஈரம் படிஞ்சு உள்ளயே இறுகிடும்.